அப்பாவு நடை

நெடுந்தாங்கலில் யாராவது ஒரு வேலையை இழுத்து இழுத்துச் செய்தால், "இன்னாடா, அப்பாவு நடை நடக்கிற?" என்று கேட்பார்கள். கடைக்குப் போன பிள்ளை வந்து சேராவிட்டாலும் அதே கேள்விதான். கல்யாணப் பேச்சு ஆறு மாதமாக முடியாமல் கிடந்தாலும் அதே கேள்விதான். கேட்பவர்களும் சிரிப்பார்கள், கேட்கப்பட்டவர்களும் சிரிப்பார்கள். அந்த நடைக்குப் பின்னால் ஏழு சாவு இருப்பது தெரிந்தவர்கள் மட்டும் சிரிப்பதில்லை. அப்படித் தெரிந்தவர்கள் இப்போது ஊரில் குறைந்துபோனார்கள். ஏரிக்குக் குறுக்கே தரைப்பாலம் வந்தே நாலைந்து வருஷமாகிறது. கல் ஏற்றும் லாரிகளுக்காகப் போட்ட பாலம் அது. லாரிக்கு வழி வேண்டும் என்று ஒரே ஒரு மனு போனது, அடுத்த வருஷம் பாலம் வந்துவிட்டது. மனிதர்கள் அதே பாலத்தைக் கேட்ட கதை வேறு.

அப்பாவு அந்த ஊர்த் தலையாரி. தோளில் குறுக்காக ஒரு தோல்பட்டை, அதில் புளிபோட்டுத் துலக்கிய பித்தளை வில்லை, தலையில் முண்டாசு, கையில் ஆளுயரத் தடி. அந்தக் காலத்தில் ஊருக்குச் சர்க்கார் என்றால் கிராம முன்சீப்தான். வரி, தகராறு, பிறப்பு இறப்புப் பதிவு, போலீஸ் ஸ்டேஷனுக்கு ரிப்போர்ட் எல்லாம் அவர் கையெழுத்து. எழுதுவது முன்சீப், அதைத் தூக்கிக்கொண்டு நடப்பது தலையாரி. ஸ்டேஷன் ஏழு மைல். பஸ்ஸைப் பிடிக்கப் படப்பைச் சாலைக்குப் போவதற்குள் பாதி தூரம் வந்துவிடும், அப்புறம் எதற்குப் பஸ் என்று அப்பாவு நடந்தே போய்விடுவான்.

அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஞாபகம் இருந்ததே, அப்பப்பா! வாரத்துக்கு ஒருமுறை முன்சீப் கோதண்டம் பதிவேட்டை விரித்துக்கொண்டு உட்காருவார். யார் வீட்டில் எந்த நாள் பிள்ளை பிறந்தது, யார் வீட்டில் எந்த நாள் சாவு, அன்றைக்கு என்ன திதி என்று அப்பாவு நின்றபடியே ஒப்பிப்பான். ஒரு நாள்கூடத் தப்பாது. "உன் மண்டைதான்டா எனக்கு ரிஜிஸ்டர், இது வெறும் காப்பி" என்று முன்சீப் கேலி செய்வார். கேலியாகச் சொன்னது பின்னால் அப்படியே பலித்துத் தொலைத்தது.

ஏரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐப்பசியில் அது நிரம்பிவிட்டால் மாசி வரைக்கும் எதிர்க்கரையில் இருக்கும் அக்கரைமேடு தனித்துப்போகும். கரையைச் சுற்றிப் போகலாம் என்றால் நடுவில் உபரித் தண்ணீர் போகும் கலங்கல் வழிந்து இடுப்பளவு தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடும். அதனால் எல்லாவற்றுக்கும் தோணிதான். பழைய பலகைத் தோணி, தார் பூசிப் பூசியே தடித்துப்போனது. மூங்கில் கழி ஊன்றித் தள்ளுபவன் அக்கரைமேட்டு இருதயசாமி. பத்துப் பேர் ஏறலாம் என்று அவன் அப்பன் காலத்திலிருந்தே கணக்கு. அந்தக் கணக்கை யார் கேட்டார்கள்? நாற்று வாடிவிடும் என்று ஒருத்தி ஏறுவாள், சந்தைக்கு நேரமாகிவிட்டது என்று இரண்டு பேர் ஏறுவார்கள், ஆட்டைத் தனியாக விட முடியுமா என்று ஆடும் ஏறும். "எறங்குங்க, எறங்குங்க" என்று இருதயசாமி தொண்டை வற்றக் கத்துவான். ஊதுகிற சங்கை ஊதினேன் என்கிற மட்டும்தான் அவனால் முடிந்தது.

ஐம்பத்தாறாம் வருஷம் கார்த்திகை எட்டாம் தேதி, நாற்று முடிகளை அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டு போன தோணி நடு ஏரியில் சாய்ந்தது. எல்லாரும் கட்டையையோ முடியையோ பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். இட்லி சுட்டு விற்கும் பாப்பம்மாளின் ஒரே மகன் சுப்பிரமணி மட்டும் மேலே வரவில்லை. பத்தொன்பது வயது. புருஷனை இழந்த பாப்பம்மாளுக்கு அவன்தான் எல்லாம். மறுநாள் விடியும்போதுதான் உடல் அகப்பட்டது.

தண்ணீரில் விழுந்த சாவு என்றால் முன்சீப் ஸ்டேஷனுக்கு எழுதியாக வேண்டும், அது சட்டம். போலீஸ் வரும், விசாரணை நடக்கும், உடலை மாட்டு வண்டியில் ஏற்றிச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோவார்கள், அங்கே அறுத்துப் பார்த்துவிட்டுத்தான் தருவார்கள். அறுப்பது என்ற அந்த ஒரு வார்த்தைக்கு ஊரே நடுங்கும். உயிர் போனதைத் தாங்கிக்கொள்வார்கள், இதைத் தாங்க மாட்டார்கள். முன்சீப் எழுதினார். அப்பாவு காகிதத்தை முண்டாசு மடிப்பில் செருகிக்கொண்டு ஏரிக்கரையில் ஏறினான்.

பாப்பம்மாள் ஓடிவந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். பின்னாலேயே அவன் பெண்டாட்டி சின்னப்பொண்ணு, இடுப்பில் இரண்டு வயது மகள் கங்காவோடு வந்து நின்றாள்.

"அப்பாவு, ஒன் கால்ல உழுந்து கேக்கறேன்ப்பா, போவாத. எம் புள்ளைய அறுத்து மூட்ட கட்டிக் குடுப்பாங்க. தண்ணியில உழுந்துதான் செத்தான்னு ஊருக்கே தெரியும். அப்பறம் இன்னாத்துக்கு அறுக்கணும்?"

"எக்கா, எழுந்திரு. நான் போவலன்னா என் வேல பூடும்க்கா."

சின்னப்பொண்ணுதான் அதற்கு வழி சொன்னாள். பதினெட்டு வயதுப் பெண், அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "ஒன்ன போவாதன்னு ஆருய்யா சொன்னது? மெதுவாப் போ. ரெண்டு நாழி மெதுவாப் போனா இன்னா கொறஞ்சிடும்?"

அப்பாவு காலை விடுவித்துக்கொண்டான். கரையோடு நடந்து, மதகுப் பக்கம் நின்ற புங்கமரத்தடியில் போய் உட்கார்ந்தான். காலில் முள் தைத்தவனைப்போலப் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தவன், சுடுகாட்டுப் பக்கம் புகை எழும்பியதும் வந்த வழியே திரும்பினான்.

"போயிட்டு வந்தியா?" என்றார் முன்சீப்.

"கால்ல முள்ளு தெச்சிட்சிங்க."

முன்சீப் அவன் காலைப் பார்க்கவில்லை. நீட்டிய காகிதத்தை வாங்கினார், நாலாகக் கிழித்தார், பதிவேட்டை எடுத்தார். "நாள் சொல்லு." அப்பாவு சொன்னான். இறந்த காரணம் என்ற இடத்தில் 'ஜுரம்' என்று எழுதி மை ஒற்றினார். ஒருவரை ஒருவர் ஏமாற்றவும் இல்லை, ஒருவருக்கொருவர் எதையும் சொல்லிக்கொள்ளவும் இல்லை. இரண்டு பேருமே இளகிய மனசுக்காரர்கள், அதில் சந்தேகமே வேண்டாம். அந்த வருஷம் முதல் கார்த்திகை எட்டாம் தேதியானால் வாழை இலையில் கட்டிய நாலு இட்லி அப்பாவு வீட்டுக்கு வந்துவிடும். பாப்பம்மாள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள்.

ஒருமுறை திறந்த வழியில் ஆடுமாடு தானாகவே போகும் என்பார்கள். அறுபத்தொன்றில் இருதயசாமியின் பெண்டாட்டி அருள்மேரி செத்தாள். தன் புருஷன் தள்ளிய தோணியிலிருந்தே விழுந்தாள், பாவி. இருதயசாமியே வந்து நின்றான். "அப்பாவண்ணே, ரிப்போட்டு போச்சின்னா தோணியப் புடிச்சி வெச்சிக்குவாங்க. எனக்கு வேற பொழப்பு கீதா? அவளயும் கூறு போட்ருவாங்க" என்று அழுதான். அன்றைக்கும் அப்பாவு புங்கமரத்தடிக்குத்தான் போனான். அவர்கள் புதைப்பவர்கள், புகை வராது. அதனால் அக்கரைமேட்டு மாதா கோயில் மணி துக்கத்துக்கு அடித்து ஓயும்வரை காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பதிவேட்டில் அருள்மேரிக்கும் ஜுரம் வந்தது. அப்புறம் நடவுக்குப் போன இரண்டு பெண்கள். அப்புறம் கிருத்திகைக்குக் குன்றத்தூர் மலைக்குக் கிளம்பிய ஒரு கிழவர். நெடுந்தாங்கலைப்போல ஜுரம் பிடித்த ஊர் அந்தத் தாலுகாவிலேயே இருந்திருக்காது.

இதுவரைக்கும் கெஞ்சியவர்களுக்காக நடந்த நடை. அறுபத்தெட்டில் நடந்தது அப்படி இல்லை. அதைத்தான் அவனால் பின்னால் எந்தச் சமாதானம் சொல்லியும் செரிக்க முடியவில்லை.

பிள்ளைப்பாக்கத்திலிருந்து முனிரத்தினம் என்ற மாட்டு வியாபாரி மார்கழி மாதம் அக்கரைமேட்டில் எருமை பார்க்க வந்தான். திரும்பும்போது காற்று எழும்பித் தோணி ஆடியது, பயந்துபோய் எழுந்து நின்றான், தண்ணீரில் விழுந்தான், போய்விட்டான். அவனுக்காகக் கெஞ்ச ஊரில் ஒருவரும் இல்லை. எந்தத் தாயும் காலில் விழவில்லை. மறுநாள் காலை முன்சீப் வழக்கம்போல எழுதிக் கொடுத்தார். அப்பாவு வழக்கம்போல வாங்கிக்கொண்டு போய், வழக்கம்போல மரத்தடியில் உட்கார்ந்தான். கால்கள் தாமாக அங்கே போய்ப் பழகியிருந்தன. ஊரும் வழக்கம்போல நினைத்துக்கொண்டு மதியத்துக்குள் எரித்துவிட்டது. புகை வந்த பிறகுதான் அப்பாவுக்கு உறைத்தது. ஐயோ, இவன் வீட்டுக்கு யார் சொல்வது? முன்சீப்புக்கும் அது அப்போதுதான் உறைத்தது. வெளியூர்க்காரனுக்கு ஜுரம் என்றும் எழுத முடியாது. சொந்தக்காரர்கள் இல்லாமல் எரித்ததற்கு இனிமேல் ஸ்டேஷனில் என்ன சொல்வது? அவர் எதையுமே எழுதவில்லை. உலகத்தில் எந்தக் காகிதத்திலும் முனிரத்தினம் சாகவில்லை.

ஒரு மாதம் கழித்து அவன் பெண்டாட்டி அம்சவல்லி தேடிக்கொண்டு வந்தாள். நெற்றி நிறையக் குங்குமம், தலையில் பூ. வெளியூரிலிருந்து யார் தேடி வந்தாலும் தலையாரியிடம்தான் விசாரிப்பார்கள். அவளும் அவனிடம்தான் வந்தாள்.

"அண்ணே, எரும பாக்கணும்னு இந்தப் பக்கம் வந்தாரு. செகப்பா, ஒசரமா இருப்பாரு. பாத்தீங்களா?"

அப்பாவு உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவள் குடித்து முடிக்கும்வரை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "பாக்கலம்மா" என்றான்.

அவள் சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஒங்க கண்ணுல பட்டா, வூட்ல தேடறாங்கன்னு சொல்லுங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒரு சொல் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வேலை போயிருக்கும், ஜெயில்கூடக் கிடைத்திருக்கும். அதற்குப் பயந்தான். பயந்தது தப்பில்லை என்று சொல்லிப் பார்த்தான். அவனாலேயே அதற்குக் காது கொடுக்க முடியவில்லை.

இதற்கிடையில் கங்கா வளர்ந்து பெரியவளாகி, அக்கரைமேட்டுக்கே வாழ்க்கைப்பட்டாள். மாப்பிள்ளை நல்லவன், நிலமும் கிணறும் இருந்தது. ஏரியின் இந்தக் கரையில் நின்று சின்னப்பொண்ணு கூவினால் அந்தக் கரையில் கங்கா கேட்பாள். அவ்வளவு கிட்டத்தில் கொடுத்தோம் என்று சின்னப்பொண்ணுக்குப் பெருமை.

எழுபத்துநாலில் தாலுகாவில் ஜமாபந்தி நடந்தது. வருஷத்துக்கு ஒருமுறை அதிகாரி உட்கார்ந்து ஊர்க் கணக்குகளைப் பார்த்து, ஜனங்களின் மனுவையும் வாங்குவார். அக்கரைமேட்டுக்காரர்கள் ஏரிக்குக் குறுக்கே தரைப்பாலம் கேட்டு மனு எழுதிக்கொண்டு போனார்கள். முன்னால் நின்றவன் யார் என்கிறீர்கள்? தோணிக்கார இருதயசாமிதான். பாலம் வந்தால் முதலில் போவது அவன் பிழைப்பு. அது தெரிந்தேதான் போய் நின்றான். பதிவேடுகளைத் துணியில் கட்டித் தலையில் சுமந்துகொண்டு அப்பாவும் முன்சீப்புக்குப் பின்னால் போயிருந்தான்.

அதிகாரி கெட்டவர் இல்லை, பொறுமையாகவே கேட்டார். "இத்தனை வருஷத்துல எத்தனை பேர் செத்திருக்காங்க?"

"அஞ்சாறு பேர் இருக்கும் சார். என் பொண்டாட்டியே இந்த ஏரியிலதான் செத்தா" என்றான் இருதயசாமி.

அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். "அருள்மேரி, அறுபத்தொண்ணு. ஜுரம்னு போட்டிருக்கே. இருபது வருஷத்துக்குப் பார்த்துட்டேன், ஏரியில விழுந்து செத்ததா ஒரு பேர் இல்லை." நிமிர்ந்து முன்சீப்பைப் பார்த்தார். முன்சீப் கோதண்டத்தின் முகம் சாம்பல் பூத்துப்போனது. அதிகாரி பின்னால் நின்ற வில்லையைப் பார்த்தார். "தலையாரி, நீதானே சாவைச் சொல்லி எழுத வைக்கிற ஆளு? நீ சொல்லு. இதுல இருக்கறது சரியா, இவர் சொல்றது சரியா?"

கூட்டம் முழுக்கத் தலையாரியைப் பார்த்தது. அவனுக்கு ஆறு பேரும் வரிசையாக ஞாபகம் வந்தார்கள், நாளோடும் திதியோடும். வாயைத் திறந்தால் பாலம் வரும். வாயைத் திறந்தால் தன்னை நம்பி இருபது வருஷம் கையெழுத்துப் போட்ட மனுஷன் ஜெயிலுக்குப் போவார், பின்னாலேயே தானும் போகவேண்டும்.

"முன்சீப்பய்யா எழுதனது சரிதாங்க" என்றான்.

திரும்பும் வழியில் இருதயசாமி அவனோடு சண்டை போடவில்லை. திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். "எம் மேலயும் தப்பு கீதுண்ணே. அன்னிக்கு நான்தானே வந்து அழுதேன்" என்று மட்டும் சொன்னான். பிறகு போய்த் தோணியின் ஓட்டையில் தார் பூச உட்கார்ந்துவிட்டான்.

எழுபத்தாறு கார்த்திகையில், தீபத்துக்கு முந்தின நாள், பொரி உருண்டை பிடிக்க அம்மாவுக்குக் கூடமாட இருக்கலாம் என்று கங்கா தோணி ஏறினாள். அன்றைக்கும் வழக்கம்போலப் பதினாறு பேர். இந்தக் கரைக்கு நாற்பது முழம் இருக்கும்போது தோணி கவிழ்ந்தது. மகளைப் பார்க்கக் கரையில் நின்ற சின்னப்பொண்ணின் கண் முன்னாலேயே கவிழ்ந்தது. இருதயசாமி முங்கி முங்கி எல்லாரையும் இழுத்துப் போட்டான். கங்காவைக் கடைசியாகத்தான் எடுக்க முடிந்தது. புடவை கழியில் சுற்றிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வயது.

மறுநாள் காலை அப்பாவு வில்லையைப் போட்டுக்கொண்டு முன்சீப் வீட்டு வாசலில் நின்றான். கோதண்டம் அதுவரை ஒருநாளும் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"அப்பாவு, எழுதட்டுமா?"

"எழுதுங்க."

"யோசிச்சிக்கோ. ஜுரம்னு…"

"ஏரின்னே எழுதுங்கய்யா."

காகிதத்தை முண்டாசில் செருகவில்லை, கையிலேயே பிடித்துக்கொண்டான். கரையில் ஏறியபோது சின்னப்பொண்ணு வந்து குறுக்கே விழுந்தாள். இருபது வருஷத்துக்கு முன்னால் பாப்பம்மாள் விழுந்த அதே இடம். அந்தப் பாப்பம்மாளே, இப்போது தலை நரைத்தவள், அவளைத் தூக்கப் பார்த்து முடியாமல் நின்றாள்.

"ஊர்ல கீறவங்க புள்ளைக்கெல்லாம் மெதுவா நடந்தியேய்யா! நீ பெத்த பொண்ணுக்கு மட்டும் இப்பிடி ஓடறியே! அவள அறுக்கக் குடுக்காதய்யா!"

அப்பாவு அவளைச் சுற்றிக்கொண்டு போனான். மதகு வந்தது, புங்கமரம் வந்தது, அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நடந்தான் என்று சொல்வதா, ஓடினான் என்று சொல்வதா? ஏழு மைலை ஒரு மணி நேரத்தில் கடந்து, ஸ்டேஷன் மேஜைமேல் காகிதத்தை வைத்துவிட்டுத்தான் மூச்சு விட்டான். மதியம் போலீஸ் வந்தது, வண்டி கட்டினார்கள். மறுநாள் சாயங்காலம் கங்கா வெள்ளைத் துணியில் சுற்றப்பட்டுத் திரும்பி வந்தாள். ஊர் வீடு வீடாக ஏற்றியிருந்த தீபத்தை அணைத்துவிட்டுக் காத்திருந்தது.

கல் நெஞ்சுக்காரன் என்றது ஊர். பெத்த மகளைக் கூறு போடக் கொடுத்தான் என்றது. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று அப்பாவு இருந்தான். சின்னப்பொண்ணு ஒன்றுமே சொல்லவில்லை, அதுதான் அவனைக் கொன்றது. சோறு போடுவாள், தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அதோடு பாப்பம்மாளின் இட்லியும் நின்றுபோனது. ஏன் இப்படிச் செய்தாய் என்று ஒருத்தராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். ஒரு சாவாவது காகிதத்தில் ஏறினால் பாலம் வரும், இன்னொரு வீட்டுப் பெண் தப்பிப்பாள் என்றுதான் நம்பினான். கங்கா அதற்காவது பயன்படட்டும் என்று நினைத்தான். அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் சோற்றை விழுங்கினான்.

அக்கரைமேட்டுக்காரர்கள் மறுபடி மனுப் போட்டார்கள். இந்த முறை ஸ்டேஷன் ரிப்போர்ட்டின் நகலும் கூடவே போனது. பத்து மாதம் கழித்துப் பதில் வந்தது. முன்சீப் அதை இரண்டு தரம் தமக்குள் படித்துவிட்டு, மூன்றாம் தரம் வாய்விட்டுப் படித்தார். "மேற்படி ஏரியில் இதுவரை விபத்து ஏதும் பதிவாகவில்லை. தற்போது நடந்துள்ளது தனியொரு சம்பவம். எனவே தரைப்பாலம் அமைக்கும் கோரிக்கையை ஏற்க இயலவில்லை."

"இன்னாங்கய்யா அர்த்தம்?"

"ஒண்ணு பத்தாதாம்டா" என்றார் முன்சீப். சொல்லிவிட்டு வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்பாவு வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். சின்னப்பொண்ணு முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்கிறானா, தனக்குத்தானே சொல்கிறானா என்று தெரியாமல் சொன்னான். "ஒண்ணு பத்தாதாம். ஏழும் எழுதியிருந்தா குடுத்திருப்பாங்க. மொதலோட ரெண்டாவது எழுதியிருந்தாலே குடுத்திருப்பாங்க. கங்கா நடந்தே வந்திருப்பா."

முறம் நின்றது. பத்து மாதத்துக்குப் பிறகு சின்னப்பொண்ணு அவனிடம் பேசினாள்.

"அன்னிக்கு மெதுவாப் போன்னது நானு. அவள இடுப்புல வெச்சிக்கினுதான் சொன்னேன்."

"நீ சொன்ன. நடந்தது என் காலுதான்."

இரண்டு பேரும் அழுதார்கள். மகளுக்காக அவர்கள் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்ட சின்னப்பொண்ணு, "ஏழுல ஆறு வூட்டுக்கு அவங்க மனுசங்க செத்தது தெரியும். ஒரு வூட்டுக்குத் தெரியாது" என்றாள். அப்பாவு நிமிர்ந்து பார்த்தான். "அந்தப் பொம்பள வந்து தண்ணி குடிச்சப்ப நான் உள்ளதான இருந்தேன். எனக்கு மட்டும் தெரியாதா? எழுந்திரு."

அப்பாவு வில்லையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். அன்று முதல்முறையாக வில்லை இல்லாமல், காகிதமும் இல்லாமல், ஒரு சாவுச் செய்தியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். ஒரகடத்தைத் தாண்டிப் பிள்ளைப்பாக்கம் வரை வெயிலில் நடந்தார்கள். அவன் போன வேகத்துக்குச் சின்னப்பொண்ணால் ஈடுகொடுக்க முடியவில்லை. "கொஞ்சம் நில்லுய்யா" என்று இரண்டு இடத்தில் சொல்ல வேண்டியிருந்தது. நின்றான், அவள் வந்து சேர்ந்ததும் மறுபடி அதே வேகம்தான்.

மாட்டு வியாபாரி வீடு என்று கேட்டதும் காட்டினார்கள். அம்சவல்லி வாசலில் சாணி தட்டிக்கொண்டிருந்தாள். ஒன்பது வருஷத்தில் உடம்பு பாதியாகியிருந்தது. நெற்றியில் அதே குங்குமம், கழுத்தில் மஞ்சள் கயிறு, தலையில் ஒரு கிள்ளுக் கதம்பம். தினமும் புதிதாக வைத்துக்கொள்கிறாள் என்பது பார்த்தாலே தெரிந்தது. எங்கேயோ இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று ஊர் பேசியதையும் இவள் ஒன்பது வருஷம் கேட்டிருக்கிறாள்.

அப்பாவு உட்காரவில்லை. தண்ணீர் வேண்டாம் என்றான். நின்றபடியே, பதிவேட்டுக்கு ஒப்பிப்பதைப்போல எல்லாவற்றையும் சொன்னான். தோணியையும் காற்றையும் சொன்னான், மரத்தடியில் உட்கார்ந்ததைச் சொன்னான், புகையைச் சொன்னான். அவள் வந்து கேட்டபோது தான் சொன்ன பொய்யையும் சொன்னான். முடித்ததும் கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்தான். அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள், ஆள் கூட்டுவாள், எது வந்தாலும் வரட்டும் என்று நின்றான்.

அம்சவல்லி சாணிக் கையைப் புடவையில் துடைத்தாள். எதிரில் இருந்த மாட்டுக் கொட்டகையைப் பார்த்தாள். அங்கே மாடு இல்லை.

"ஓடிப்போவல" என்றாள்.

"இல்லம்மா."

"வூட்டுக்குத்தான் வந்துகினு இருந்தாரா?"

"வூட்டுக்குத்தாம்மா. இருட்டறதுக்குள்ள போவணும்னுதான் அவசரமா ஏறுனாரு."

அவள் தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். சின்னப்பொண்ணு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை விலகவில்லை. அம்சவல்லி முகத்தை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள்.

"எந்த நாளுண்ணே? ஒரு தெவசம்கூடக் குடுக்கலியே. எந்த நாளுன்னு தெரியாம எப்பிடிக் குடுப்பேன்?"

எந்தப் பதிவேட்டிலும் இல்லாத அந்த நாளைத் தெரிந்த ஒரே மனிதன் வாயைத் திறந்தான்.

"மார்கழிம்மா. அமாவாச கழிஞ்சி மூணாம் நாளு."

அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறகு தலையிலிருந்த கதம்பத்தைத் தானே எடுத்து, அதில் ஒட்டியிருந்த முடியைப் பிரித்துவிட்டு, பூவை மட்டும் மண்ணில் வைத்தாள்.